கோமுவுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து

அன்புள்ள கோமு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. ஐந்தாம் மாதம் நடக்கிறது, இப்போதுதான் தலை நிமிர்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தடவை வாந்தி வருகிறது, அதோடு சரி. இட்லி இறங்குகிறது, ரசம் இறங்குகிறது. நேற்று நானாகவே புளிக்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து அத்தை சாமிக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார்கள்.

உனக்கு ஒட்டன்சத்திரத்துக்கு மாறுதல் கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். இனிமேலாவது விடியக்காலை பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டாம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று இரண்டு வருஷமாக யோசிக்கிறீர்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இன்று எப்படியும் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். உன் தம்பி பொண்டாட்டிக்கு இரண்டு மாதம், தண்ணீர் குடித்தாலும் வாந்தி, இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. "எல்லாருக்கும் வர்றதுதானே, மூணு மாசம் போனா சரியாயிரும்" என்று அம்மா சொல்கிறார்கள். அம்மா சொல்வது பொய்யில்லை, நிறையப் பேருக்கு அப்படித்தான் சரியாகிறது. எனக்கும் பெரியவன் வயிற்றில் இருந்தபோது அப்படித்தான் இருந்தது, நார்த்தங்காய் ஊறுகாயும் பொரியுமாக ஓட்டிவிட்டேன். சின்னவளுக்குக் கொஞ்சம் அதிகம். இந்தத் தடவை வந்தது வேறு ஜாதி.

எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: என்ன சாப்பிட்டாய்? அத்தை கேட்டார்கள், ஆச்சி போனில் கேட்டார்கள், கீரைக்காரம்மா கூடக் கேட்டாள். ஆளாளுக்கு ஏதாவது செய்து கொண்டுவந்தார்கள். இஞ்சி மரப்பா, மாதுளை, எலுமிச்சை, சுட்ட அப்பளம். இலேசான குமட்டலுக்கு இஞ்சி கேட்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு இருந்த நிலையில் அந்த மரப்பா உள்ளே போனதைவிட வெளியே வரும்போதுதான் தொண்டையை எரித்தது. எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனாய் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை, கோமு. காலையில் போனால் மறுபடி ராத்திரிதான். அதுவும் கடுந்தேநீர் நிறத்தில், சொட்டுச் சொட்டாக. முதலில் காட்டிய டாக்டரும் கேட்கவில்லை. "கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடும்மா" என்று ஒரு சத்துமாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

அப்புறம் ஒரு நாள் பாத்ரூம் வாசலில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். இவருக்கு அன்று டியூட்டி இல்லை, நல்லவேளை. ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த பெண் டாக்டர், நம் மாணவி வயதுதான் இருக்கும், சாப்பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. எடை பார்த்தார். கர்ப்பத்துக்கு முன் 54 கிலோ, அப்போது 49. இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால் அதைச் சாதாரண வாந்தி என்று விடக்கூடாதாம். சிறுநீரில் கீட்டோன் இருந்தது. சாப்பாடு இல்லாமல் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கிறது என்று அர்த்தம். அட்மிஷன் போட்டுவிட்டார்கள்.

நம் ஊரில் அசதி என்றாலே குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவோம் இல்லையா. உன் தம்பி பொண்டாட்டி விஷயத்தில் அங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவள் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று அந்த டாக்டர் நர்ஸிடம் சொன்னதை நான் படுத்துக்கொண்டே கேட்டேன். எனக்கு முதலில் பி1 ஊசி, அப்புறம் சலைன், அதிலே பொட்டாசியம். சாயங்காலம் எழுந்து நானாக நடந்து பாத்ரூம் போனேன். தண்ணீர் நிறத்தில் போயிற்று. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம்தான் எழுத முடியும்.

மாத்திரைக்கு வீட்டில் சண்டை நடக்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1957 முதல் 1961 வரை தாலிடோமைடு என்ற மருந்தைக் குமட்டலுக்குக் கொடுத்து, கைகால் இல்லாமல் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்தன. ஆனால் இப்போது முதலில் கொடுப்பது அது இல்லை, டாக்ஸிலமினும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை. அதே சேர்மானத்தை அமெரிக்காவில் 1983-ல் கம்பெனியே நிறுத்தியது. குழந்தைக்குக் கெடுதல் என்று நிரூபணமாகி இல்லை, வழக்குச் செலவு தாங்காமல்தான். 2013-ல் அங்கே மறுபடி அனுமதி கொடுத்தார்கள். ராத்திரி போட்டால்தான் காலைக்குக் கேட்கும். அதுவும் போதாமல் எனக்கு ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து கொடுத்தார்கள். உதடு, அண்ணப் பிளவு வருவது பத்தாயிரம் பிரசவத்தில் மூன்று கூடுதலாகலாம் என்று ஒரு ஆய்வு இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார் டாக்டர். மூன்றா, பத்தாயிரத்திலா என்று திரும்பக் கேட்டேன். கொடுங்கள் என்றேன். இரும்புச்சத்து மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார், அது குமட்டலைக் கூட்டுமாம். நர்ஸம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் இரும்பு மாத்திரை எங்கே என்று கேட்டதும், நான் சீட்டைக் காட்டியதும் தனிக்கதை.

வீட்டில் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு அதுதான் இதைவிடப் பெரிய பாடாக இருக்கும்.

அந்த டாக்ஸிலமின் மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும். நீ பாட்டுக்குக் கண்ணயர்ந்துவிடுவாய், நடக்கத் தெரிந்த பிள்ளை சும்மா இருக்குமா? இவர் டியூட்டிக்குப் போகுமுன் பாத்ரூமில் இருக்கிற வாளி, அண்டா எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போவார். தண்ணீர் பிடித்துவைக்கிற டிரம்முக்கு மூடி போட்டு மேலே அம்மிக்குழவி. வாசல்கதவுக்கு மேல்தாழ்ப்பாள். நானும் சின்னவளும் ஒரே அறையில், தரையில் பாய். கட்டில் கிடையாது. அவள் விளையாடுவாள், நான் கிடப்பேன். உன் தம்பியிடம் சமையல் செய், துணி துவை என்றெல்லாம் பட்டியல் போடுவதற்கு முன் இந்த வாளி விஷயத்தைச் சொல்.

அடுப்படி வாடைதான் என்னைக் கொன்றது. சோறு கொதிக்கிற வாடை, கடுகு தாளிக்கிற வாடை. சிங்கிள் பர்னர் ஒன்றைப் பின்வாசலில் போட்டு இவர் அங்கே சமைத்தார். மனிதர் செய்கிற சாம்பாரை நான் சாப்பிட முடியாமல் போனது ஒரு வகையில் கொடுப்பினை. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். தோசை, தயிர்ச்சாதம், பிரட், மறுபடியும் தோசை. பெரியவன் டிபன் பாக்ஸில் வாரக்கணக்கில் பிரட்டும் ஜாமும்தான். இரண்டு பேரும் இளைக்கவில்லை. டிவி நாள் முழுக்க ஓடியது, அதைப் பற்றி எனக்கு எந்த மனவருத்தமும் இல்லை.

இன்னொன்று சொன்னால் நீ நம்புவாயோ என்னவோ. சின்னவள் தலையில் வைக்கிற எண்ணெய் வாடையும் பால் வாடையும் எனக்கு ஆகவில்லை. பெற்ற பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறினால் மூச்சை அடக்கிக்கொள்வேன். எண்ணெயை நிறுத்தினோம், தினமும் இவரோ அத்தையோ வெறும் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். அப்புறம் முதுகுப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டு படுக்கப் பழகிக்கொண்டாள். ஒரு நாள் எட்டிப் பார்க்கிறேன், பொம்மை வாய்க்குக் கீழே எவர்சில்வர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு "ஓவ், ஓவ்" என்கிறாள். பிறகு துண்டு நுனியால் பொம்மை வாயைத் துடைத்து, முதுகைத் தடவி, "போச்சு, போச்சு" என்றாள். சிரிக்க ஆரம்பித்து அது வாந்தியில் முடிந்தது.

பெரியவன் கதை வேறு. ஒண்ணுக்குப் போவதைக் கணக்கு வைக்கச் சொல்லி டாக்டர் இவரிடம் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. காலண்டர் தாளில் கிரேயானால் கோடு போட ஆரம்பித்தான். ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக் கழற்றாமல், "அம்மா, ஒண்ணுக்குப் போனியா?" வீட்டுக்கு யார் வந்திருந்தாலும் அதே கேள்விதான். யு.கே.ஜி. படிக்கிற பையன் கேட்ட கேள்வியை, இத்தனை பெரியவர்களில் ஒருத்தர் முன்னாலேயே கேட்டிருக்கக்கூடாதா?

உள்ளே தங்கியவை என்று பார்த்தால் எல்லாம் சில்லென்று இருந்தவைதான். சில்லிட்டால் வாடை இருக்காது. இளநீரையும் ஓ.ஆர்.எஸ். தண்ணீரையும் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, ஒவ்வொரு கட்டியாக வாயில் அடக்கிக்கொள்வேன். மடக்கென்று குடித்தால் வந்துவிடும், ஐஸாகக் கரைந்து போனால் வயிறு கவனிக்காது. சின்னவளும் பங்குக்கு வந்து நின்றாள்.

எனக்குக் கிடைத்த பெரிய உதவி அங்கன்வாடி. இரண்டு வயது தாண்டியதும் சின்னவளைத் தெருமுனை அங்கன்வாடியில் விட்டோம். "நம்ம வீட்டுப் பிள்ளை அங்க போய்ச் சாப்பிடணுமா" என்று அத்தை முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சூடாகச் சாப்பாடு, முட்டை, மதியம் அங்கேயே தூக்கம். அந்த டீச்சர் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உன் தம்பி பிள்ளைக்கு இன்னும் அந்த வயது வரவில்லை, பக்கத்து வீட்டில் மதியம் இரண்டு மணிநேரம் பார்த்துக்கொள்வார்களா என்று நீயே போய்க் கேள். அவளைக் கேட்கச் சொன்னால் கேட்கமாட்டாள். அந்த நிலையில் வாய் திறந்து உதவி கேட்கவும் தெம்பு வேண்டும்.

இவருடைய சித்தி ஒருத்தி வந்திருந்தார்கள். "இந்தப் பிள்ளை வேண்டாம்னு மனசுக்குள்ள நினைச்சியோ, அதான் இப்படி எடுக்குது" என்றார்கள். அப்போது பதில் சொல்லத் தெம்பு இல்லை. போன மாதம் போனில் தேடிப் படித்தேன். மனசில்லை, ஒரு புரதம். ஜி.டி.எஃப்.15 என்று பெயர். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியும் சிசுவும் அதை நிறையச் சுரக்கின்றன, அது மூளையின் அடிப்பகுதிக்குப் போய்க் குமட்டலைக் கிளப்புகிறது. கர்ப்பத்துக்கு முன்பு யார் ரத்தத்தில் அது குறைவாக இருந்ததோ அவர்களுக்குப் பழக்கமில்லாததால் தாக்கம் அதிகம். 2023 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியானது. அதில் நம் பக்கத்து நாட்டுச் சங்கதியும் ஒன்று இருக்கிறது: இலங்கையில் தலசீமியா என்ற ரத்தநோய் உள்ள பெண்களை விசாரித்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் புரதம் எப்போதும் உயர்ந்தே இருக்கும், கர்ப்பத்தில் வாந்தி மிகக் குறைவு. இந்த ஆராய்ச்சியில் முன்னால் நிற்கிற மார்லீனா ஃபெய்ஸோ இதே நோயில் 1999-ல் தன் பிள்ளையை இழந்தவர். இங்கிலாந்து இளவரசி கேட்டுக்கு மூன்று பிள்ளைகளுக்கும் இதே பாடு. மூன்றாவதன்போது அரண்மனை நிறைய ஆள் இருந்தும் மூத்த பிள்ளையின் முதல்நாள் பள்ளிக்கு அவரால் கூடப் போக முடியவில்லை என்றால், சித்தி அதற்கு என்ன சொல்வார்கள்?

ஆனால் கோமு, உன்னிடம் மறைக்க மாட்டேன். வேண்டாம் என்று ஒருகட்டத்தில் நினைத்தேன்தான். வாந்தி வந்ததால் நினைத்தேன், நினைத்ததால் வாந்தி வரவில்லை. இவரிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சியும் அடையவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. "டாக்டர்ட்ட கேட்போம்" என்றார். மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் அந்த நினைப்பு தானாகக் கரைந்தது. கரையாமல் போயிருந்தாலும் என்னைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இருந்திருக்கக்கூடாது. உன் தம்பி பொண்டாட்டி அப்படி ஏதாவது சொன்னால் திட்டாதீர்கள், அழவிடுங்கள், அப்புறம் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

நாளைக்கே அவளை எடை பார்க்கச் சொல். இரண்டு மாதத்துக்கு முன்பு எவ்வளவு இருந்தாள் என்றும் கேள். எட்டு மணிநேரத்துக்கு ஒண்ணுக்கே போகவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, குடித்த தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்கத் தங்கவில்லை என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. முதல் டாக்டர் சிரித்து அனுப்பினால் அடுத்த டாக்டர். அவள் நம்பரை எனக்கு அனுப்பு, நானும் பேசுகிறேன். போனை எடுக்கத் தெம்பில்லை என்றால் பரவாயில்லை, குரலைப் பதிவு செய்து அனுப்பிவைக்கிறேன், படுத்துக்கொண்டே கேட்கட்டும்.

எனக்குத் தேதி மே கடைசியில் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கிளம்பி வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போ. ஒட்டன்சத்திரத்துச் சந்தையில் முருங்கைக்காய் மலிவாமே, இரண்டு கட்டு கொண்டுவா. பெரியவன் பிளாக்போர்டு வேண்டும் என்று நச்சரிக்கிறான், டீச்சர் அத்தை வாங்கி வருவாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பாப்பா