2024–25 ஆண்டறிக்கை: ஆடிப்பட்டத்திற்கு ஆனியிலேயே

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் மாடியிலும் கொல்லையிலும் காய்கறி வளர்க்கும் நமது சங்கத்தின் பொதுக்குழு வழக்கமாக ஆடிப்பெருக்கை ஒட்டித்தான் கூடும். இந்த முறை 2025 ஜூன் 15, ஆனி முதல் நாளிலேயே கூடியிருக்கிறோம். ஏன் இந்த மாற்றம் என்பதைச் சொல்வதற்கே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சென்ற ஆண்டு மொத்தமாக வாங்கிய தென்னை நார்க்கட்டிகளை, அதாவது நார்க்கழிவை அழுத்திச் செய்த கட்டிகளை, கூட்டம் முடிந்த கையோடு பங்கிட்டு எடுத்துச் சென்றோம். ஊறவைத்தோம், உப்பியது, மண்ணோடு கலந்து பைகளில் நிரப்பி விதைத்தோம். யாரும் கழுவவில்லை. பத்தே நாளில் வெண்டையின் இளம் இலைகள் விளிம்பில் பழுப்பேறிச் சுருண்டன. கத்தரி நாற்று வளராமல் நட்டபடியே நின்றது. பூச்சி என்று நினைத்து வேப்ப எண்ணெய் அடித்தோம், பயனில்லை. கடைசியில் உறுப்பினர் ஒருவர் மிச்சமிருந்த கட்டியை வாளியில் ஊறவைத்து, அந்த நீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. நார்க்கழிவில் உப்பு இயல்பாகவே உண்டு. மட்டையை உப்பங்கழி நீரில் ஊறப்போட்டிருந்தால் இன்னும் கூடும். விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கழுவியது என்று அவர் சொல்லவும் இல்லை, நாம் கேட்கவும் இல்லை.

பைகளைக் கொட்டி, அலசி, மறுபடி நிரப்பி விதைத்தபோது ஆவணி பாதி கடந்துவிட்டது. ஒரு மாதம்தானே என்று அப்போது தோன்றியது. நம் ஊரில் அந்த ஒரு மாதத்தின் விலை பெரிது. ஆடி முதல் வாரத்தில் ஊன்றிய வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கி, ஐப்பசி மழை வலுக்கும் முன் பெரும்பாலும் பறித்து முடிந்துவிடும். தாமதமாக ஊன்றியது நல்ல காய்ப்பில் நிற்கும்போதே மழையில் மாட்டிக்கொள்ளும். அப்படியே நடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் இங்கே 48 செ.மீ.க்கு மேல் மழை. அவரைப் பந்தல்கள் சாய்ந்தன. பைகளிலிருந்து வழிந்த மண்ணும் சருகும் மாடியின் வடிகுழாய் வாயை அடைக்க, கணுக்கால் அளவு நீரில் நின்று கையால் வாரி எடுத்தவர்கள் நம்மில் பலர். தாழ்வான வீடுகளில் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்த விதை டப்பாக்களுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது.

இங்கே ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நமது மூத்த உறுப்பினரான அம்மா ஒருவர், ஒவ்வொரு பட்டத்திலும் முதல் தரமான இரண்டு காய்களைச் செடியிலேயே முற்றவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, துணியில் முடிந்து சமையலறைப் பரணில் தொங்கவிடும் பழக்கம் உள்ளவர். அந்த முடிச்சுகள் தப்பின. தைப்பட்டத்தில் நாம் ஊன்றிய வெண்டை, அவரை, சுரை எல்லாம் அவர் கொடுத்த விதைகள். முடிச்சை அவிழ்த்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் அவர் எண்ணி வைத்த காட்சி என் கண்ணிலேயே நிற்கிறது. வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் தாய்ச்செடியின் குணம் மாறிவிடும் என்பதால், வரும் பட்டத்தில் ஆளுக்கு ஒரு நாட்டு ரகமாவது விதைக்காக வைக்க வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது.

அந்தச் சுரையில் பிஞ்சுகள் விரல் நீளத்திலேயே வெம்பி உதிர்கின்றன என்று மாசியில் பலர் முறையிட்டார்கள். ஒரு மாலை ஆறரை மணிக்கு ஒரு வீட்டு மாடியில் கூடினோம். சுரைப்பூ அந்தி சாய்ந்துதான் விரியும், தேனீயோ அதற்குள் அடங்கிவிடும். ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை ஒதுக்கி, மகரந்தத்தை அடியில் பிஞ்சுள்ள பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவினோம். மூன்றாம் நாள் அந்தப் பிஞ்சு நிறம் மாறாமல் பருத்திருந்தது. பீர்க்குக்கும் மாலை நேரம்தான். பூசணிக்குக் காலையில் செய்ய வேண்டும்.

இனி வரும் பட்டம். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுக்கு 25 முதல் 35 நாள் வேண்டும் என்பதால் குழித்தட்டில் இந்த வாரமே விதைத்தாக வேண்டும். எல்லாரும் எல்லா நாற்றையும் வளர்ப்பதைவிட, நான்கு வீடுகள் பொறுப்பேற்று மற்றவர்களுக்குப் பகிரலாம். பெயர் தர விரும்புவோர் கூட்ட முடிவில் என்னிடம் சொல்லுங்கள். பழைய மண்ணைக் கொட்டி வேரைப் பொறுக்கி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு மண், கழுவிய நார்க்கழிவு, மக்கிய எரு மூன்றும் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கலந்து நிரப்பி, ஈரம் காக்கத் தண்ணீர் தெளித்துப் பத்து நாள் ஆறவிட்ட பின்பே விதை. எரு சூடாக இருந்தால் மக்கவில்லை என்று பொருள், அதைப் பைக்குள் போட வேண்டாம். பைகளைச் செங்கல் மேல் ஏற்றி, வடிகுழாய் வாயிலிருந்து தள்ளிச் சுவரோரமாக வையுங்கள். ஈர மண்ணின் கனம் தளத்தின் நடுவே விழக் கூடாது.

புதிதாக வாங்கிய நார்க்கட்டிகள் தலைவர் வீட்டு வாசலில் இருக்கின்றன. கழுவாமல் ஒரு கட்டியும் வெளியே போகாது. அடுத்த ஞாயிறு, ஜூன் 22, காலை 6 மணிக்கு எல்லோரும் சேர்ந்து அலசுகிறோம். சாயம் வெளுக்கும்வரை மூன்று தண்ணீராவது மாற்ற வேண்டியிருக்கும். உப்பு போய்விட்டதா என்று பார்க்க, அலசியதில் ஒரு பிடி எடுத்து வெந்தயம் தூவி வைப்போம். அது பச்சையாக முளைத்து நின்ற பிறகு பங்கீடு. ஆளுக்கு ஒரு வாளியும் பழைய வேட்டித் துணியும் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்