அண்ணனுக்கு: நாங்கள் பஸ்ஸிலேயே வருகிறோம்

அன்புள்ள அண்ணா,

அப்பா திதிக்கு நானும் பிள்ளைகளும் பஸ்ஸில் வருகிறோம். திருச்சி பஞ்சப்பூரில் ஏறி மேலூரில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்வோம். எங்களைக் கூட்டிப்போக நீ திருச்சிக்கு வர வேண்டாம். இதை அம்மாவிடம் சொன்னால் உன் காதுக்கு வருவதற்குள் நாலு வார்த்தை கூடிவிடும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் படிப்பார்கள், தெரியும். அன்று கார் ஓட்டிக்கொண்டே போனில் எந்த விஷயமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாய் என்பதை மட்டும் எழுதமாட்டேன். பங்காளிகளும் இருக்கிறார்கள்.

கல்யாண மண்டப வாசலில், எல்லார் முன்னாலும், பிள்ளைகளை உன் காரிலிருந்து இறக்கினேன். உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரியும். மன்னித்துக்கொள். ஆனால் அதற்கு முன் தனியாகச் சொல்லிப் பார்க்காமலா இருந்தேன்? சாவியைச் சுழற்றிக்கொண்டே "சரி சரி" என்றாய். அப்புறம் ஊரெல்லாம், "அவளுக்கு ஹைவேன்னா பயம்" என்று சொல்லி வைத்தாய். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே நீதான். என் பயம் ஹைவேயைப் பார்த்தா என்று உனக்குத் தெரியாதா?

அன்று உன் காரில் கொட்டாம்பட்டி தாண்டியதும் சென்டர் மீடியனில் அரளி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. செடி விட்டுப்போன இடைவெளியில், பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று முன் சக்கரத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அந்த ஆள் நம்மைப் பார்த்தார். கார் தூரத்தில்தான் வருகிறது, தன்னைக் கண்டால் கொஞ்சம் குறைப்பான், கடந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்கிறான் என்ற நம்பிக்கையில்தானே எல்லோரும் ரோட்டைக் கடக்கிறோம். உன் இடது கட்டைவிரல் மைக்கை அழுத்திக்கொண்டிருந்தது. பதிவாகிறதா என்று பார்க்க உன் கண் போனுக்குப் போனது. எண்பதில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் தாண்டும். மூன்று நொடி பார்த்தாய் என்றால் ஐந்து பஸ் நீளத்துக்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறாய்.

பாப்பா "மாமா!" என்று கத்தியதும் இடது பக்கம் ஒடித்தாய். சக்கரம் மண்ணில் இறங்கி ஏறியது. மைக்கிலிருந்து விரல் எடுபட்டதும் வாய்ஸ் தானாகக் குழுவுக்குப் போய்விட்டது. உன் பேச்சு, குழந்தையின் அலறல், பிரேக் சத்தம் எல்லாம் அதில் இருந்தது. உடனே அழித்தாய்தான். கேட்டவர்கள் கேட்டுவிட்டார்கள். யாரும் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அது வேறு.

திரும்பிப் பார்த்தேன். அந்த ஆள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கேன் மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தியிருக்கவில்லை. நீ சிரித்துக்கொண்டே, "பாத்தியா, எப்படி ஒடிச்சேன்!" என்றாய்.

ஓட்டுகிறவர்கள் வரவர மோசமாகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், ரீல்ஸ் எடுத்துக்கொண்டே பைக் ஓட்டும் பசங்களைத்தான் நானும் நினைப்பேன். இப்போது உன்னை நினைக்கிறேன். பழைய மாருதி 800 இருந்த காலத்தில் போன் வந்தால் புளியமரத்தடியில் ஓரங்கட்டி, இரண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டுவிட்டுத்தான் எடுப்பாய். "இவன் கூட வந்தா ஊர் போய்ச் சேர விடிஞ்சிரும்" என்று அப்பா சலித்துக்கொள்வார். ஓட்டத் தெரியாதவன் பயத்தில் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். கை பழகினவன்தான் ஒரு கையைப் போனுக்குக் கொடுக்கிறான். கெட்டுப்போனது நல்ல டிரைவர்கள்தான், அண்ணா.

2022ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் அறிக்கையில் செல்போன் கணக்கில் ஏறியவர்கள் 3,395 பேர்தான். "பாத்தியா, ரெண்டு பர்சென்ட்" என்பாய். போன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று போலீஸில் யார் ஒத்துக்கொள்வார்கள்? 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்று எழுதிவிட்டால் போன் அதற்குள் மறைந்துவிடும். அன்று அந்த ஆள்மீது மோதியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. உன் தங்கைதானே.

இனி ப்ளூடூத்தில்தான் பேசுவேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்து டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2006ல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறது. போனைக் கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பேசிக்கொண்டே ஓட்டியவர்கள் பிரேக் போடத் தாமதித்தார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் இருக்கிறவள் லாரி குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். போனில் இருக்கிறவருக்கு லாரி எங்கே தெரிகிறது?

பஸ் டிரைவர் மட்டும் பேசவில்லையா என்று கேட்பாய். பேசுகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். அங்கே கண்டக்டரிடம் சொன்னால் அவர் போய் ஒரு வார்த்தை சொல்கிறார். உன்னிடம் சொன்னால் ரோஷம் வருகிறது.

அப்பாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ராத்திரி, ஏறினதுமே போனை என் மடியில் போட்டாய். "யார் கூப்பிட்டாலும் நீ பேசு, நான் ஓட்டுறேன்." வழி முழுக்க நீ கண்ணாடியையும் ரோட்டையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஸ்பீடு பிரேக்கரில் அப்பாவின் தலை அசையாதபடி இறக்கி ஏற்றினாய். அந்த ஓட்டத்துக்கு உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? ஆக, உனக்குத் தெரியாமல் இல்லை. நோயாளிக்குக் காட்டின கவனத்தில் பாதியாவது என் பிள்ளைகளுக்குக் காட்ட உனக்கு மனசு வரவில்லை. இதை எப்படி எழுதினாலும் கடுமையாகத்தான் வருகிறது. அப்படியே இருக்கட்டும்.

படையலுக்குத் தேங்காயும் பூவும் நான் வாங்கி வருகிறேன். இலை மட்டும் நீ சொல்லிவிடு. திரும்பும்போது நீதான் கொண்டுவந்து விடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால், வருகிறோம். போன் என் கைப்பையில் இருக்கும், துவரங்குறிச்சியில் டீ குடிக்க நிறுத்தும்போது வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லு. ஏழு மணிக்கு மேல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது.

உன் தங்கை