அறுபத்தாறு வயதில் ஓர் ஒப்பந்தம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்திற்கு வேலைதான் காரணம். ஆமாம், இன்னும் வேலைக்குப் போகிறேன், சிரிக்காதே. போன வாரம்தான் இன்னோர் ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். சிங்கப்பூரின் துவாசில் அதே கப்பல் பட்டறைக் கிடங்கு, அதே நாற்காலி. சம்பளம் மட்டும் கொஞ்சம் இளைத்துவிட்டது.

நீ தஞ்சாவூருக்குக் குடிபோனபோது இங்கே ஓய்வு வயது 62. 2022இல் அரசு அதை 63 ஆக்கியது; விரும்பினால் ஓய்வு வயதுக்குப் பிறகும் 68 வரை அதே இடத்தில் ஒப்பந்தத்தில் மறுவேலை என்றார்கள். 2026 ஜூலை முதல் தேதியிலிருந்து ஓய்வு 64, மறுவேலை 69. 2030க்குள் 65, 70. 1959இல் பிறந்த நமக்கு 69 பொருந்துமாம். அலுவலகப் பெண் இதைப் பரிசுச்சீட்டு விழுந்ததுபோலச் சொன்னாள்.

பாசத்தால் பிடித்துவைக்கவில்லை, ஆள் இல்லை. மூன்றாவது பிறந்தால் பிரசவக் கட்டணம் ஏறும், பள்ளியில் இடம் பின்னுக்குப் போகும் என்று பயந்து நாம் இரண்டோடு நிறுத்தியது நினைவிருக்கிறதா? 1987இல் ‘வசதி இருந்தால் மூன்று’ என்று பேச்சை மாற்றினார்கள். அதற்குள் எங்கள் வீட்டுத் தொட்டில் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. 2023இல் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள், 0.97. என் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒரே பேத்தி. கணக்கு என் வீட்டிலேயே சரியாக இருக்கிறது.

கிடங்கில் புதுக்கோட்டைப் பையன் ஒருவன் இருக்கிறான். கீழ்த்தட்டில் வால்வுப் பெட்டி, இருபது கிலோ. நான் குனிவதற்குள் “விடுங்கள் ஐயா” என்று தூக்கிவிடுவான். தூக்கியபின், எங்கே வைப்பது என்று என் முகத்தைப் பார்ப்பான். எந்த வால்வு எந்தக் கப்பலுக்கு என்பது என் தலையில் இருக்கிறது, வலு அவன் தோளில். இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆள். வேலை பெர்மிட் முடிந்தால் அவன் ஊருக்குப் போக வேண்டியவன். அப்புறம் யார் குனிவது?

சட்டம் வயதை உயர்த்துகிறது, அலமாரித் தட்டை உயர்த்துவதில்லை. கனமானவற்றை இடுப்பு உயரத்திற்கு மாற்றுங்கள் என்று மேலாளரிடம் கேட்டு ஆறு மாதமாயிற்று. சம்பள உயர்வு கேட்டிருந்தால்கூட இவ்வளவு யோசித்திருக்கமாட்டார். அவருக்கு வயது 34. முதுகு இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.

என் மனைவிக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தீபாவளிக்கு வருவதாக எழுதியிருந்தாய். தேதியை முன்கூட்டியே சொல், நான் விடுப்புக்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் கிடங்குக்காரன்