சாகாத செல்தான் சிக்கல்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த புற்றுநோய்க் கட்டுரை யாருக்கும் புரியும்படி இருந்தது. ஆனால் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதுதான் புற்றுநோய் என்பதோடு முடித்துவிட்டார்கள். அது பாதிக் கதை. சாக வேண்டிய செல் சாகாமல் தங்கிவிடுவது மீதிப் பாதி.

நம் உடம்பில் தினமும் ஆயிரக்கணக்கான கோடி செல்கள் தாமாகவே சாகின்றன. தீக்காயம் பட்டால் செல் வீங்கி வெடித்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டி, அந்த இடம் சிவந்து வீங்கும். இந்தச் சாவு அப்படியல்ல. காஸ்பேஸ் என்னும் நொதிகள் செல்லை உள்ளிருந்தே அறுக்கும். செல் சுருங்கித் துண்டு துண்டாகப் பிரியும், அக்கம்பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். சத்தமே இல்லை. கருவில் துடுப்பு மாதிரி இருக்கும் கையில் விரல்கள் தனித்தனியாகப் பிரிவதும் இடையிலுள்ள செல்கள் இப்படிச் சாவதால்தான்.

இது தற்செயலாக நடப்பதில்லை என்று காட்டியது ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. சி. எலிகன்ஸ் என்று பெயர். அதன் இருபால் புழுவில், இனப்பெருக்கச் செல்களை விட்டுவிட்டால், 1090 செல்கள் உருவாகி 131 சாகும், 959 மிஞ்சும். எந்தப் புழுவை எடுத்தாலும் சாவது அதே 131தான்! ஜான் சல்ஸ்டன் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ஒவ்வொரு செல்லின் வம்சாவளியையும் பின்தொடர்ந்தார். சாவை நடத்தும் மரபணுக்களை ராபர்ட் ஹார்விட்ஸ் கண்டுபிடித்தார். சிட்னி பிரென்னரோடு சேர்த்து இருவருக்கும் 2002இல் நோபல் கிடைத்தது. நம் பத்திரிகைகளில் இதெல்லாம் ஒரு பெட்டிச் செய்தியோடு சரி.

அந்தப் புழுவில் சாவைத் தடுக்கும் மரபணு ஒன்று உண்டு. நம்மிடம் அதற்கு இணையானது பிசிஎல்-2. அது செல்லைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் காக்கிறது என்று 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ் குழுவினர் காட்டினார்கள். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தையே குறிவைக்கும் வெனிட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரைக்கு 2016இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சில வகை ரத்தப் புற்றுநோய்களில் அது கொடுக்கப்படுகிறது. காவல் போனதும் அந்தச் செல்கள் சாகத் தொடங்குகின்றன.

அப்புறம் ஒரு விஷயம். அதே கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் 'செல் அழிவைத் தடுத்து இளமை காக்கும்' கேப்சூல் விளம்பரம் வந்திருந்தது. அது எதையும் தடுக்காது என்றே நம்புகிறேன். நிஜமாகவே தடுத்தால்தான் பயப்பட வேண்டும். விளம்பரப் பிரிவிடம் இதைக் கொஞ்சம் சொல்லுங்கள். மீதிப் பாதிக் கதையை ஒரு புற்றுநோய் மருத்துவரைக் கொண்டு எழுத வைத்தால் நல்லது.

– ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், திருச்சி