கேள்வித்தாளைக் கிழித்துப் போடு, வசந்தா

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. திட்டுவதை நேரில் பார்க்கும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். கமலி யாரோடும் பேசுவதில்லை, அதனால் அவளும் சௌக்கியம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். தலைவர்கள் இறந்த சேதி காதில் விழுந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு சிறப்பு மலர் அச்சிடப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல யோசனை. ஆனால் கூடவே ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தாயே! "எம்.ஜி.ஆர். மறைந்த செய்தியை டி.வி.யில் பார்த்தபோது எவ்வளவு அழுதீர்கள்?" இது கேள்வியாடி? பதிலைப் பிசைந்து வாயில் ஊட்டுகிறாய். அந்த மனிதர் அன்றைக்கு ரேடியோவில் கேட்டிருப்பார். நீ இப்படிக் கேட்டதும் அவர் வீட்டுக் கூடத்தில் புதிதாக ஒரு டி.வி. முளைத்துவிடும். அடுத்த தடவை அதன் மேல் சத்தியமே செய்வார்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள் அல்லவா, மறுநாள் காலையிலேயே அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற உளவியல் பேராசிரியர் மாணவர்களிடம் தாளைக் கொடுத்து, "சேதி எப்படித் தெரிந்தது, எங்கே இருந்தீர்கள்" என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரைப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்டார். நாலில் ஒரு பங்குப் பேர் எல்லா முக்கிய விவரத்தையும் தப்பாகச் சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள். முதல் தடவை டி.வி.யில்தான் முதலில் பார்த்தேன் என்றவர்கள் 21 சதவீதம். பிறகு அது 45 சதவீதம் ஆகிவிட்டது. சொந்தக் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டிய பிறகும், "எழுத்து என்னுடையதுதான், ஆனால் நடந்தது இப்படி இல்லை" என்றவர்கள் உண்டு. நம் தாடி வாத்தியார் நினைவுக்கு வருகிறாரா?

இது ஏன் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் உன் வேலை பாதி முடிந்தது. பெரிய மரணச் சேதியை யாரும் ஒரே தடவை கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், ரேடியோ சொல்லும், மறுநாள் பேப்பரில் வரும், இரண்டு நாள் டி.வி.யில் ஊர்வலம் ஓடும். இதில் படமாகப் பதிந்தது எதுவோ அது மெல்ல முன்னால் நகர்ந்து முதல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எம்.ஜி.ஆர். போனது 1987 டிசம்பர் 24, விடியும் முன். அடக்கம் 25 அன்று. இரண்டு நாளும் பலருக்கு ஒரே நாளாக ஒட்டியிருக்கும். ராஜாஜி ஹால் கூட்டத்தையும் காலையில் சேதி வந்ததையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். டயானா விபத்தைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. பாரிஸ் சுரங்கப்பாதையில் கார் மோதுவதைக் காட்டும் படமே கிடையாது. இங்கிலாந்தில் ஒரு ஆய்வில் கேட்டபோது 44 சதவீதம் பேர் அதைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

இன்னொன்று, ஞாபகம் மங்கும் வேகம் முதல் வருஷத்தில்தான் அதிகம். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பத்து வருஷம் தொடர்ந்து கேட்டுப் பார்த்ததில், ஒரு வருஷத்துக்குப் பின் கதை உறைந்துவிடுகிறது. உள்ளே புகுந்த தப்பும் சேர்ந்து உறைகிறது. ஆகவே, "பத்து தடவை கேட்டேன், பத்து தடவையும் ஒரே மாதிரி சொன்னார்" என்று சாட்சியாக எழுதாதே. அதே ஆய்வில் இடம், சொன்ன ஆள் இதையெல்லாம்விட மோசமாகத் தேய்ந்தது எது தெரியுமா? அன்றைக்கு மனம் எப்படி இருந்தது என்பது. நீ முதல் கேள்வியாக வைத்திருப்பதே அதைத்தான், மகராசி.

இனி வேலை முறை. ஒருவரைத் தனியாக உட்காரவை. மனைவியோ தம்பியோ பக்கத்தில் இருந்தால் திருத்திக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் உனக்குக் கிடைப்பது குடும்பத் தீர்மானம். போனில் பதிவைப் போட்டதும் இன்றைய தேதி, அவர் பிறந்த வருஷம் இரண்டையும் நீயே சொல்லிவிடு. முன்கூட்டிப் படம், பேப்பர் எதையும் காட்டாதே. "அந்தச் சேதி உங்களுக்கு எப்படி வந்தது?" என்று மட்டும் கேள். அப்புறம் வாயை மூடு. உனக்குக் கஷ்டம்தான். அவர் நிறுத்தினாலும் மனசுக்குள் பத்து எண்ணு, பெரும்பாலும் அதற்குள் இன்னொரு துணுக்கு வரும். எல்லாம் தீர்ந்த பிறகு எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், யார் சொன்னது, சொன்னவர் எப்படி இருந்தார், அடுத்து என்ன செய்தீர்கள், நீங்கள் யாரிடம் போய்ச் சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாகப் போ. ஒவ்வொரு பதிலுக்கும் ஏழுக்கு எத்தனை உறுதி என்று கேட்டுக் குறித்துக்கொள். அழுகையைக் கடைசியில் வைத்துக்கொள்.

சரிபார்ப்பது தனி வேலை, அவர் எதிரில் செய்யாதே. நோட்டில் இரண்டு பத்தி: சொன்னது, சரிபார்த்தது. முதலில் காலண்டரை எடு. காமராஜர் இறந்தது 1975 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி. "பாடம் நடந்துகொண்டிருந்தது, பாதியில் மணி அடித்து அனுப்பினார்கள்" என்று யாராவது சொன்னால் அது வேறு தலைவருடைய நாள். ராஜீவ் காந்தி 1991 மே 21, செவ்வாய் இரவு பத்து மணிக்கு மேல், ஸ்ரீபெரும்புதூரில். மே மாதத்தில் எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருந்தது? "சன் டி.வி.யில் பார்த்தேன்" என்பார்கள் பார்; சன் டி.வி. வந்ததே 1993 ஏப்ரலில். அண்ணா 1969 பிப்ரவரி 3 நள்ளிரவு தாண்டிப் போனார், அப்போது சென்னையில் தூர்தர்ஷனே இல்லை, அது 1975 ஆகஸ்டில்தான். கலாம் போன 2015 ஜூலை 27க்கு உனக்குக் கஷ்டமே இல்லை. பழைய வாட்ஸப் செய்தி அழிந்திருக்காவிட்டால் அதில் நிமிஷம்கூட இருக்கும்.

ஆனால் அவசரப்பட்டு யாரையும் அடித்துவிடாதே. இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர் 31 காலை. ஆகாஷ்வாணி மரணத்தை அறிவித்தது மாலையில். பகலிலேயே தெரியும் என்பவர் பி.பி.சி. கேட்டிருக்கலாம், அல்லது கேட்டவர் வாய்வழி வந்திருக்கலாம். ஜெயலலிதா விஷயம் இன்னும் சிக்கல். 2016 டிசம்பர் 5 சாயங்காலமே சில சேனல்கள் இறந்துவிட்டதாகப் போட்டு, கட்சிக் கொடியும் இறங்கி, மருத்துவமனை மறுத்ததும் கொடி மறுபடி ஏறியது. உயிர் பிரிந்ததாக அறிவித்த நேரம் இரவு 11.30, அறிவிப்பு வந்தது நள்ளிரவுக்குப் பின். சாயங்காலம் என்பவரும் சரி, மறுநாள் காலை என்பவரும் சரி. இவர்களிடம் மட்டும், "ஒரு தடவைதான் கேட்டீர்களா?" என்று கூடுதலாகக் கேள்.

தப்பாக இருப்பதையும் வெட்டாமல் அச்சில் போடு, கீழே சின்ன எழுத்தில் சரியான தேதியைக் கொடு. எதுவுமே ஞாபகம் இல்லை என்பவர்களையும் சேர்த்துக்கொள். 1977இல் வெளிவந்த ஆய்வுக்காக பிரவுன், குலிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் அமெரிக்கர்களைக் கேட்டபோது, கறுப்பினத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் கொலைச் சேதி வந்த நொடியை நினைவாகச் சொன்ன கறுப்பினத்தவர் 40க்கு 30, வெள்ளையர் 40க்கு 13. யாருக்கு எவர் எவ்வளவு நெருக்கம் என்பது இந்த மறதியில்தான் அப்பட்டமாகத் தெரியும். மலரில் வெறும் ஞாபகசாலிகளை நிரப்பினால் அது காணாமல் போகும்.

அடுத்து எப்போதாவது ஒரு பெரிய சாவு வந்தால், அன்றைக்கு ராத்திரியே நம் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு தாள் எழுதி உறையில் ஒட்டி உன்னிடம் கொடுக்கச் சொல். ஒரு வருஷம் கழித்துப் பார்க்காமல் மறுபடி எழுதவைத்து, பிறகு பிரிக்கலாம். கமலி முதல் ஆளாக எழுதுவாள், பேச வேண்டியதில்லையே.

புதுக் கேள்வித்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு. முதலில் உன் பெரியத்தையிடம் போ, காமராஜரைப் பற்றிக் கேள். உன் அண்ணனை மட்டும் அந்த நேரத்தில் கடைக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
மல்லிகா