படித்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்களுக்குப் பிடித்த நாவல், தொடர்களின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் இணையத்தில் எழுதும் கதைகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யார் எழுதுகிறார்கள், எதற்காக எழுதுகிறார்கள் என்றெல்லாம் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், படிக்கிறவர்களைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். படித்துவிட்டு ஒரு வரிகூட எழுதாமல் போகிற அவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம். நானும் ராத்திரி கண் விழித்து இந்தக் கதைகளைப் படிக்கிறவள் என்பதால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

ஒருவர் படைத்த பாத்திரங்களை எடுத்து இன்னொருவர் கதை வளர்ப்பது நமக்குப் பழக்கமான சங்கதிதான். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்து முடிந்தபோது, அப்புறம் இவர்களெல்லாம் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் விடாமல் கேட்க, கல்கி முடிவுரையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பின்னாளில் ‘அமுதசுரபி’ ஆசிரியர் விக்கிரமன் அந்தக் கதையைத் தொடர்ந்து நந்திபுரத்து நாயகி எழுதினார். ஆனால் விக்கிரமன் கையில் பத்திரிகை இருந்தது. தொடர் புத்தகமாகவும் வந்தது. இன்று ஹாரி பாட்டர் பாத்திரங்களை வைத்து எழுதும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. பாத்திரங்களின் உரிமை வேறொருவரிடம் இருக்கிறது. எவ்வளவு நன்றாக எழுதினாலும் பதிப்பகத்தின் வாசலில்கூட நிற்க முடியாது.

இந்தக் கதைகள் அதிகம் சேர்ந்திருக்கும் இணையதளம் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’. சுருக்கமாக ஏஓ3 என்பார்கள். 2009 நவம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2019-இல் அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருதும் வாங்கியது. முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துவது, செலவுக்கு நன்கொடை, விளம்பரம் கிடையாது. எழுதுகிறவர் கதைக்குக் கீழே ‘ஒரு காபிக்குக் காசு தாருங்கள்’ என்று ஓர் இணைப்பு வைத்தால்கூட அங்கே விதிமீறல். ஆக, சம்பளம், ராயல்டி, சன்மானம் எதுவும் இல்லை. பெரும்பாலும் சொந்தப் பெயர்கூட இல்லை, புனைபெயர்தான். வரவு என்று ஒன்று உண்டென்றால், அது படித்தவர் எழுதும் நாலு வரி.

பாராட்டைத் தெரிவிக்க ‘குடோஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அழுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஒரு கதைக்கு ஒருவர் ஒரு முறைதான் அழுத்தலாம். நாற்பது அத்தியாயத் தொடரில் முதல் அத்தியாயத்திலேயே அழுத்திவிட்டால் அத்தோடு சரி. முப்பத்தெட்டாம் அத்தியாயத்தில் தொண்டை அடைத்து மறுபடி அழுத்தினால், ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்று ஒரு சிரிப்புக் குறியோடு தளம் சொல்லிவிடும். எந்த இடம் பிடித்தது, எங்கே அழுதோம் என்பது எழுதியவருக்குத் தெரிய அந்தப் பொத்தானில் வழியே இல்லை.

என் அக்கா மகள் இப்படி எழுதுகிறவள். ஹாரியின் பெரியம்மா பெட்டூனியாவை வைத்து ஒரு சின்னக் கதை போட்டிருந்தாள். தங்கை இறந்துபோன செய்தி ஒரு கடிதத்தோடும், வாசற்படியில் ஒரு குழந்தையோடும் வந்து சேர்கிற நாள். கதையில் யாரும் அழவில்லை, வசனமும் அதிகமில்லை. நான் படித்துவிட்டு, நல்லா இருக்குடி என்றேன். தளத்தில் பார்வைக் கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது. (ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தாலும் அதில் கூடும், அதனால் அத்தனை பேர் படித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.) பின்னூட்டம் மட்டும் வரவே இல்லை. “சித்தி, படிச்சவங்கள்ல ஒருத்தருக்குக்கூட ஒண்ணுமே தோணலையா?” என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் எதுவும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒன்று வந்தது. கதையில், அடுப்படி மேடையைத் தினம் துடைத்துவிட்டுத்தான் படுக்கப் போவாள் பெட்டூனியா. அன்றைக்கு மட்டும் ஒரு தேநீர்க் கோப்பையைக் கழுவாமல் மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறாள். அந்த இடத்தில் நிறுத்தித் திரும்பப் படித்தேன், அவள் அழுதது எனக்கு அங்கேதான் தெரிந்தது என்று யாரோ எழுதியிருந்தார்கள். மொத்தம் மூன்று வரி, அதிலும் எழுத்துப்பிழை. அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டாள். என் அக்காவுக்கு ஹாரி பாட்டர் யாரென்றே தெரியாது. ‘யாரு அந்தப் பொம்பள, ஏன் கோப்பையக் கழுவல?’ என்று பதில் போட்டாள். அது வேறு கதை. அக்கா மகள் அடுத்த கதையைத் தொடங்கியது அந்த வாரம்தான். அந்தக் கோப்பையை அவள் யோசித்துத்தான் வைத்திருந்தாள். அது யார் கண்ணிலாவது பட்டது என்று தெரிய அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

‘எழுதுவது அவர்கள் ஆசைக்கு, அதற்கு நாங்கள் ஏன் பாராட்ட வேண்டும்?’ என்று ஒரு வாதம் உண்டு. பாராட்டித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பிடிக்காத கதையைப் பாதியில் மூடிவிட்டுப் போகலாம். ஆனால் தனக்காக மட்டும் எழுதுகிறவருக்கு நோட்டுப் புத்தகம் போதுமே. பொதுவில் போடுவதே யாராவது படிப்பார்கள் என்றுதான். நமக்குப் பிடித்து, மூன்று நாள் மனசை விட்டுப் போகாத கதைக்கும் மௌனம்தான் பதில் என்றால், அவர் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்? பாதியில் நின்றுபோன தொடர்களைப் பார்த்து நாமே புலம்புகிறோம். எல்லாம் பின்னூட்டம் வராததால் நின்றவை என்று சொல்லமாட்டேன். தேர்வு, வேலை, குழந்தை என்று ஆயிரம் காரணம் இருக்கும். என்றாலும் ஆளே இல்லாத கூடத்தில் எத்தனை நாள் ஒருவர் கச்சேரி செய்வார்?

இணையத்துக்கு முன்பு இந்த விஷயத்தில் அமெரிக்க ரசிகர்கள் கறாராக இருந்தார்கள். அறிவியல் புனைகதை ரசிகர்கள் சைக்ளோஸ்டைல் எடுத்துத் தபாலில் அனுப்பிய இதழ்களில் பலவற்றுக்கு ஒரு வழக்கம் இருந்தது. போன இதழைப் பற்றிக் கடிதம் எழுதினால் அடுத்த இதழ் இலவசமாக வரும். கடிதமே சந்தா. ஸ்டார் ட்ரெக் என்ற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் நடத்திய இதழ்கள் 1967-இல் தொடங்கியது இந்தப் பழக்கத்திலிருந்து வந்தவர்கள் நடுவில்தான். இன்று எல்லாம் இலவசம், எல்லாம் உடனே கைக்கு வருகிறது. கடிதம் மட்டும் காணோம்.

சரி, என்ன எழுதுவது? அங்கேதான் பலர் தயங்குகிறார்கள். ‘சூப்பர்’ என்று எழுதினாலே போதும், அதுவும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு வரியைக் குறிப்பிட்டுச் சொன்னால் எழுதியவர் அதை வருஷக்கணக்கில் வைத்திருப்பார். பிடித்த வாக்கியத்தை அப்படியே வெட்டி ஒட்டி, அதற்குக் கீழே ‘ஐயோ’ என்று மட்டும் எழுதுங்கள், நன்றாகவே புரியும். ‘அடுத்த பகுதி எப்போது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். வாரப் பத்திரிகைத் தொடர் படித்து வளர்ந்த நமக்கு அது ஆசையாய்க் கேட்பதுதான். ஆனால் பத்தாயிரம் வார்த்தை எழுதிப் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒருவருக்கு அது கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல் இருக்கும். போட்ட பகுதியைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு, அப்புறம் காத்திருக்கிறேன் என்று முடியுங்கள்.

குறை சொல்லலாமா என்பதில் எனக்கும் என் தோழிக்கும் தீராத சண்டை. குறை சொன்னால்தான் எழுத்து வளரும் என்பது அவள் கட்சி. காசு கொடுத்து வாங்கிய நாவலை நானும் கிழித்துத் தொங்கவிடுவேன். யாரோ ஒருவர் வேலை முடிந்து வந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதி இலவசமாகக் கொடுத்ததில், கேட்காமல் சிவப்பு மையோடு இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சிலர் கதைக்குறிப்பிலேயே ‘திருத்தம் சொல்லுங்கள்’ என்று கேட்டிருப்பார்கள். அவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ஆங்கிலம் சரளமாக வராது என்று சும்மா இருப்பவர்களும் நம் பக்கம் நிறைய. அங்கே எழுதுகிறவர்களிலேயே எத்தனையோ பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை, இலக்கணம் பார்த்து யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. பழைய கதைக்கு இப்போது எழுதினால் சிரிப்பார்களோ என்ற பயமும் வேண்டாம். பத்து வருஷத்துக்கு முன்பு முடிந்த கதைக்கு நான் எழுதியபோது, மறுநாளே எழுதியவரிடமிருந்து என் பின்னூட்டத்தைவிட நீளமாகப் பதில் வந்தது.

ஏஓ3-இல் பின்னூட்டம் எழுதக் கணக்கு தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுதியவரே கதையையோ பின்னூட்டத்தையோ உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்தால் ஒழிய, விருந்தினராகவே எழுதலாம். ஒரு பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கேட்பார்கள். புனைபெயர் போதும், முகவரி வெளியே தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்