நீடில்ஸ் சாலையை எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலுள்ள கஸ்டர் மாநிலப் பூங்காவில் சைக்கிள் ஓட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் நீடில்ஸ், அயர்ன் மவுண்டன், வைல்ட்லைஃப் லூப் ஆகிய மூன்று சாலைகளையும் ஒரே நாளில் எந்தத் திசையிலும் சுற்றிவிடலாம் என்று அதில் எழுதியிருப்பதை நம்பி யாராவது கிளம்பினால் மாட்டிக்கொள்வார்கள். காரில் போகிறவருக்கு அது சரி. சைக்கிளுக்குத் திசைதான் முதல் கேள்வி, தூரம் அப்புறம்.

நீடில்ஸ் சாலை 14 மைல், அதாவது 22 கி.மீ. மாநில ஆளுநராகவும் பிறகு செனட்டராகவும் இருந்த பீட்டர் நார்பெக் நடந்தும் குதிரையில் போயும் தடம் குறித்த சாலை, 1922இல் முடிந்தது. வண்டிகள் வேகமாகப் போகவே கூடாது என்பது அவர் எண்ணம்; வளைவுகள் அப்படி. இதைக் கீழே லீஜியன் ஏரியிலிருந்து மேலே சில்வன் ஏரியை நோக்கித்தான் ஏற வேண்டும். காரணம், குகைவழிகள். அயர்ன் கிரீக், நீடில்ஸ் ஐ என்ற இரண்டும் பாறையைக் குடைந்தவை, ஒரு வண்டி மட்டுமே போகலாம், உள்ளே விளக்கு கிடையாது. நீடில்ஸ் ஐயின் அகலம் ஏறத்தாழ 8 அடிதான். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் சில விநாடிகள் கண் ஒன்றும் தெரியாது. ஏறும்போது மணிக்கு எட்டு, பத்து கி.மீ. வேகம், சட்டென்று காலை ஊன்றி நின்றுவிடலாம். எதிர்த் திசையில் நாற்பதில் இறங்கி வந்து அந்த இருட்டுக்குள் நுழைகிறவருக்குப் பாறையிலிருந்து கசிந்த ஈரமும் தெரியாது, குகை வாயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும் கூட்டமும் தெரியாது.

குகைக்கு முன்னால் நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முன்விளக்கையும் பின்விளக்கையும் போட்டு, எதிரே வண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நடுவழியைப் பிடித்துப் போக வேண்டும். ஓரமாக ஒதுங்கிப் போனால் பின்னால் வரும் கார் பக்கத்தில் நுழையப் பார்க்கும். அதற்கு இடம் கிடையாது. நீடில்ஸ் ஐயைத் தாண்டிவிட்டால் சில்வன் ஏரிவரை பெரிய ஏற்றம் இல்லை. மூன்றாவதான ஹூட் குகை ஏரிக்கு அப்பால், ஹில் சிட்டி பக்கம் இருக்கிறது. ஏரியிலிருந்து 89ஆம் எண் சாலையில் கஸ்டர் ஊருக்கு இறங்கிவிட்டால் அதற்குள் போகவே வேண்டாம். கஸ்டரில் கிளம்பிக் கிழக்கே 16ஏ சாலையில் லீஜியன் ஏரி, அங்கிருந்து நீடில்ஸ், சில்வன் ஏரி, திரும்பவும் கஸ்டர் என்றால் 45 கி.மீ. அளவில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: விடிந்ததும் கிழக்கே போகிறவருக்கு மட்டுமல்ல, அவர் முதுகுக்குப் பின்னால் கார் ஓட்டி வருகிறவருக்கும் சூரியன் கண்ணில் அடிக்கும். பகல்தானே என்று பின்விளக்கை அணைத்து வைக்கக் கூடாது.

கட்டுரையில் சைக்கிளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சில்வன் ஏரி கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல். சமவெளியில் இருந்து வந்தவருக்கு முதல் இரண்டு நாள் மூச்சு வாங்கத்தான் செய்யும். பந்தய சைக்கிளோடு வரும் பெரிய கியரை நம்ப வேண்டாம். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் குறைந்தது 32 பல் இருந்தால் முழங்கால் பிழைக்கும். டயர் 28 மி.மீ., 75 கிலோ எடையுள்ளவருக்குக் காற்று முன்னால் 70, பின்னால் 75 பி.எஸ்.ஐ. போதும். கல்போல அடைத்தால் வளைவில் பிடி இருக்காது. இங்குள்ள பாறை கிரானைட். அது உதிர்ந்து விழும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் துகள்கள் கண்ணாடிச் சில்லு மாதிரி. மழைக்கு மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளின் உள்பக்கத்தில் அவை குவிந்து கிடக்கும். டயரைக் கிழிப்பதும் அதுதான், சறுக்கி விழ வைப்பதும் அதுதான். இரண்டு டியூப், கிழிந்த டயருக்கு உள்ளே வைக்க ஒரு துண்டுப் பழைய டயர், பம்ப் இல்லாமல் ஏறக் கூடாது. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக் என்றால் அதன் பேட் பளபளத்துப் பிடி விட்டுப்போகும். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வளைவில் முழுக்க விட்டுவிட வேண்டும்.

அயர்ன் மவுண்டன் சாலை வேறு கதை. 17 மைலில் 314 வளைவுகள், 14 கொண்டை ஊசிகள். இதைத் தெற்கே பூங்காவிலிருந்து வடக்கே கீஸ்டோன் ஊரை நோக்கிப் போக வேண்டும். மூன்று குகைவழிகளும் வடக்கே பார்க்கிறவருக்கு ரஷ்மோர் மலையில் செதுக்கிய நான்கு அமெரிக்க அதிபர்களின் முகங்கள் சட்டம் போட்டதுபோல் தெரிகிற மாதிரி குடைந்தவை. எதிர்ப்பக்கம் வந்தால் அந்தக் காட்சி முதுகுக்குப் பின்னால் போய்விடும். இவை நீடில்ஸ் ஐயைவிட அகலம். ஆனாலும் முன்னால் போகும் கார் படம் எடுக்கக் குகைக்குள்ளேயே நின்றுவிடும் என்பதால் நுழையுமுன் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். போய்த் திரும்பினால் 54 கி.மீ.; கால் போதாதவர்கள் கீஸ்டோனில் கார் காத்திருக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். இந்தச் சாலையின் 'பிக்டெயில்' பாலங்களைக் கட்டுரையாளர் 'சடைப் பாலம்' என்று எழுதிவிட்டார். சடை இல்லை, பன்றி வால்! சாலை சுருண்டு தன் அடியிலேயே புகுந்து வருவதால் அந்தப் பெயர்.

வைல்ட்லைஃப் லூப் 18 மைல், பெரும்பகுதி புல்வெளி, நிழலே இல்லை. 87ஆம் சாலையில் ஏறி லீஜியன் ஏரி வழியாகத் திரும்பினால் 50 கி.மீ. ஆகும். மூன்று பாட்டில் தண்ணீர் வேண்டும், வழியில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இங்கே சிக்கல் சாலை அல்ல, பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமை. ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆண் பைசன் 900 கிலோவரை போகும், மணிக்கு 55 கி.மீ. ஓடும், ஏற்றத்தில் சைக்கிளால் தப்ப முடியாது. கார் சத்தம் அவற்றுக்குப் பழகியது. சைக்கிள் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்பதுதான் மிரள வைக்கும். வால் மேலே தூக்கினால் கோபம் என்று அர்த்தம். மந்தை சாலையில் நின்றால் நூறு கஜம் தள்ளி நின்றுகொள்ள வேண்டும், அரை மணி நேரம் ஆனாலும் சரி. ஒரு கார் மெதுவாக ஊர்ந்து வந்தால் ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டு அதை மந்தைக்கும் தங்களுக்கும் நடுவில் வைத்துக் கடக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் கன்றோடு நிற்கும் பசுக்கள், ஜூலை, ஆகஸ்டில் இணைசேரும் காலத்துக் காளைகள், இரண்டையும் நெருங்கவே கூடாது. கையேந்தி நிற்கும் கழுதைகள் அப்பாவிகள்தான், ஆனால் ஹேண்டில்பாரில் மாட்டிய பையை உருவிவிடும்.

எப்போது போவது என்பதற்குக் கட்டுரை 'கோடை' என்கிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழா. லட்சக்கணக்கான வண்டிகள் இந்த மலைகளில்தான் சுற்றும். அந்த நாட்களில் நீடில்ஸ் பக்கம் போகாதிருப்பது நல்லது. செப்டம்பர் கடைசியில் பைசன்களை ஓட்டிச் சேர்க்கும் விழாவுக்குக் கூட்டம் வரும், சாலைகளும் மூடப்படும். பனிக்காலத்தில் நீடில்ஸ் மூடியே இருக்கும். ஜூன் முதல் பாதியும் செப்டம்பர் முதல் மூன்று வாரங்களும்தான் சைக்கிளுக்கு வாகானவை.

ஹில் சிட்டியிலிருந்து கஸ்டருக்குப் பெரிய நெடுஞ்சாலையில் போகும்படி எழுதியிருப்பதையும் திருத்த வேண்டும். வீடு போன்ற வண்டிகளும் லாரிகளும் உரசிக்கொண்டு போகும் சாலை அது. பக்கத்திலேயே 1983இல் கைவிடப்பட்ட ரயில் பாதையின் மேல் போட்ட 109 மைல் மிக்கல்சன் தடம் இருக்கிறது. சரிவு 4 சதவீதத்தைத் தாண்டாது, தரை பொடிக்கல். 28 டயரில் மெதுவாகப் போகலாம், 32 என்றால் கவலையில்லை. அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

கோடையில் பிற்பகல் இடி, ஆலங்கட்டி மழை வழக்கம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள் சில்வன் ஏரியிலிருந்து இறங்கிவிட வேண்டும். மேலே மொட்டைப் பாறைகளுக்கு நடுவில் ஒதுங்க இடமில்லை, பல இடங்களில் செல்போனும் எடுக்காது. வரைபடத்தை முதல் நாளே போனில் இறக்கி வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ரேபிட் சிட்டி